நாற்காலி கட்டுகிறவர்

மெக்சிகோ நகரத்தின் கிழக்குப் பேருந்து நிலையத்து டாக்சி வரிசையில் நசாரியோவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய, மீசை நரைத்த, தோள் அகன்ற ஒரு மனிதரை அப்படிக் கூப்பிட்டால் புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். தன் வண்டியின் பின்கதவைத் திறந்து, அங்கே பூட்டி வைத்திருக்கும் குழந்தை நாற்காலியை ஒரு கையால் ஆட்டிப் பார்ப்பார். அது ஆடாது. கதவைச் சாத்திவிட்டு மறுபடி வரிசையில் நிற்பார்.

ஊரிலிருந்து தலைநகரம் பார்க்க வருகிறவர்கள் பேருந்தைவிட்டு இறங்கும்போதே களைத்திருப்பார்கள். தோளில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. அவர்களிடம் போய், பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து வாரைப் போட்டால்தான் வண்டி கிளம்பும் என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

"பக்கத்துலதானங்க போறோம். மடியில வச்சுக்கறேன்" என்பாள் தாய்.

"என் வண்டியில மடியில வச்சு ஏத்துறதில்லைங்கம்மா."

பிள்ளை நாற்காலியைப் பார்த்ததும் அலறும். தகப்பனுக்குக் கோபம் வரும். "புள்ள என்ன கோழியாய்யா, கட்டிப் போட்டுக் கொண்டுபோக?"

இதற்காகவே காத்திருப்பவன் போல அடுத்த வண்டிக்கார ஃபிதென்சியோ ஓடி வருவான். ஒல்லி ஆள், வாய் நீளம். "வாங்க வாங்க, நம்ம வண்டியில கயிறும் இல்ல, சங்கிலியும் இல்ல. ஆயா வண்டியில ஏறினா உங்களுக்கும் சேத்து இடுப்புத்துணி மாத்திவிட்டுத்தான் இறக்குவாரு!" என்று சொல்லி அவர்களைத் தன் வண்டிக்குக் கூட்டிப் போவான். வரிசை முழுவதும் சிரிக்கும். நசாரியோ அந்த வண்டி வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். அது அந்தப் பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மந்திரம் என்பது மாதாவுக்கு மட்டும் தெரியும்.

அவர் த்லாஸ்கலா பக்கத்து ஊர்க்காரர். தகப்பன் செத்த வருடம், மீசை முளைக்காத வயதில், இதே நிலையத்துக்கு வந்து வண்டி கழுவினார். கழுவிய வண்டிகளிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டார். தாயும் போன பிறகு ஊரில் மிஞ்சியது தங்கை செல்சா ஒருத்திதான். அவளைப் படிக்க வைத்ததும் இவர், கல்யாணத்தன்று தகப்பன் ஸ்தானத்தில் கைபிடித்துப் பீடம்வரை நடத்திப் போனதும் இவர். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள அவருக்குத் தோன்றவில்லை. செல்சாவுக்கு முதல் பிள்ளை தோபியாஸ் பிறந்தபோது ஞானத்தகப்பனாக நின்று, எண்ணெய் பூசிய தலையைக் கையில் ஏந்தினார். தாய்மாமனும் அவர்தான், ஞானத்தகப்பனும் அவர்தான். அந்தப் பிள்ளையின் கால் தன் உள்ளங்கையில் எவ்வளவு இருக்கும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி.

தலைநகரத்து டாக்சிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்சீட்டுக்கு உறை தைக்கக் கொடுப்பார்கள். பெல்ட்டின் பூட்டு முனைகள் பயணிகளின் இடுப்பில் குத்துகின்றன என்று தையற்காரர் எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே உறையை மேளத்தோல் மாதிரி இழுத்துத் தைத்துவிடுவார். பார்க்க வழவழவென்று இருக்கும். பின்னால் உட்கார்ந்தவர் பெல்ட்டைத் தேடினால் ஓட்டுகிறவருக்குத்தான் அவமானம். என் கைமேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிடுவார்கள்.

தோபியாஸுக்கு இரண்டு வயதில் செல்சா அவனைத் தூக்கிக்கொண்டு தலைநகரம் பார்க்க வந்தாள். தங்கையும் மருமகனும் ஏறப்போகிறார்கள் என்பதற்காகவே நசாரியோ சிவப்பில் புது உறை போட்டிருந்தார்.

"அண்ணே, பெல்ட்டக் காணோமே?" என்று அவள் சீட்டைத் தடவிக் கேட்டாள்.

"எதுக்குடி பெல்ட்டு? ஓட்டுறது உங்கண்ணன். மடியில வச்சுக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக்கொண்டாள்.

வேகம்கூட இல்லை. முன்னால் போன சிற்றுந்து, கை காட்டிய ஒருத்தியை ஏற்றுவதற்காக நடுரோட்டில் நின்றது. நசாரியோ பிரேக்கை மிதித்தார். தாயின் மடியிலிருந்து பிள்ளை இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே பறந்து வந்தான். முன்பலகையில் குவாதலூப்பே மாதா சுரூபத்தைத் திருகி வைத்திருந்த இரும்புப் பீடத்தில் தலை மோதியது. செல்சாவுக்கு உதடு கிழிந்தது. நசாரியோவுக்கு ஒரு கீறல் இல்லை. சுரூபத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டான்.

காவல் நிலையத்துக்குச் செல்சாவின் கணவன் வில்ஃப்ரிதோ வந்தான். மன்னித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்கள். போட்டான். போட்டுவிட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்:

"இது மன்னிப்பு இல்ல. உன்னை உக்கார வச்சு அரசாங்கம் சோறு போடுறது எனக்குப் பிடிக்கல, அதான். அடக்கத்துக்கு வராத. வந்தா அந்தக் குழியிலேயே உன்னையும் தள்ளுவேன்."

வெளியே வந்த அன்று நசாரியோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தியால் அந்தச் சிவப்பு உறையைக் கிழித்தார். அடியில் கையை விட்டுத் தோண்டினார். பெல்ட்டின் பூட்டுகள் வந்தன. ஒருவரும் தொடாததால் புத்தம்புதிதாக, பளபளவென்று இருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கத்திய கத்தல் நிலையத்தின் மறுபக்கம்வரை கேட்டது என்பார்கள். பிறகு மாதா கோயில் வாசலிலிருந்து முழங்காலில் நடந்து போய், இனி என் வண்டியில் கட்டாமல் ஒரு குழந்தையும் ஏறாது என்று நேர்ந்துகொண்டார். ஞாயிற்றுச் சந்தையில் யாரோ விற்ற பழைய குழந்தை நாற்காலியை வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்துப் பூட்டினார். சுரூபத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்துதான் ஆயா என்ற பெயர்.

வருடங்கள் போயின. செல்சாவுக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறது, பெயர் மக்ரினா என்று ஊர்க்காரர் ஒருவர் பேருந்திலிருந்து இறங்கும்போது சொன்னார். அதற்குமேல் சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்க இவருக்கும் துணிவில்லை.

ஒரு ஜனவரி மாதம், மத்தியானம், அவருடைய கைபேசி அடித்தது.

"செல்சா பேசுறேன்."

நசாரியோ வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி..."

"காணிக்கைத் திருநாளுக்கு வர்றோம். பாப்பாவுக்கு மூணு வயசு. மாதா கோயில்ல ஒப்புக்கொடுக்கணும்னு நேர்ச்சை. உங்ககிட்ட குழந்தை நாக்காலி இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கும்மா, இருக்கு."

"நல்லாப் பூட்டுமா?"

"காளையக் கட்டி இழுத்தாலும் ஆடாது."

"அது வேணும். காலைல முதல் பஸ்ல வர்றோம்."

வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அண்ணே, நீ, வா, போ என்று பேசியவள், உங்ககிட்ட என்றாள். அது அவர் காதில் விழுந்தது. ஆனாலும் ஒரு சந்தோஷம் வந்து அதை மூடிவிட்டது. நாற்காலி வேண்டும் என்கிறாள். அப்படியென்றால் என் வண்டியில் ஏறப்போகிறாள். பிள்ளை என் வண்டியில் உட்காரப்போகிறது.

அவர் நாற்காலியின் துணியைக் கழற்றித் துவைத்தார். வார்களைச் சோப்பு போட்டுத் தேய்த்தார். மூன்று வயதில் கோயிலில் ஒப்புக்கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு ஞானத்தகப்பன் நிற்க வேண்டும். தன்னைக் கேட்டாலும் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. கடைக்குப் போய் வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கினார். கடைக்காரி அளவு கேட்டபோது உள்ளங்கையை விரித்து, "இவ்வளவு" என்று காட்டினார்.

வரிசையில் எல்லோரிடமும் சொன்னார். வாய் திறந்து பேசாத மனிதர் பேசியதும் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

"ஆயாவுக்கு இப்பத்தான் புள்ள பொறக்கப்போவுதுடோய்!" என்றான் ஃபிதென்சியோ. "வெந்நீர் போடுங்கடா!"

அன்றைக்கு நசாரியோவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை, நிலையத்து வாசல் முழுவதும் குழந்தை இயேசுக்கள். கிறிஸ்துமஸ் குடிலில் படுத்திருந்த சுரூபங்களுக்குப் புதுச் சட்டை போட்டு, சின்ன நாற்காலியில் உட்கார வைத்து, பூசையில் மந்திரிப்பதற்காகப் பெண்கள் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். தமாலே விற்கிறவளின் அண்டாவிலிருந்து சோள மாவு வேகிற ஆவி எழுந்தது. ஒரு பெரியம்மா தன் குழந்தை இயேசுவோடு வண்டி தேடி வந்தாள். ஃபிதென்சியோ அவளை வணங்கி, நசாரியோவின் வண்டிப்பக்கம் கை காட்டினான்.

"ஆயா, உன் நாக்காலிக்கு ஏத்த ஆளு வந்துருக்கு பாரு. ஏத்திக்கோ. மண்ணு. எத்தனை தடவை மோதுனாலும் சாகாது."

சிரித்தவர்களில் ஒருவன் பாதியில் நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டான். அந்தப் பெரியம்மா ஒன்றும் புரியாமல் தன் சுரூபத்தை இறுக்கிக்கொண்டு நடந்து போய்விட்டாள். நசாரியோ பின்கதவைத் திறந்து நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

முதல் பேருந்து வந்தது.

செல்சாவின் தலை பாதி நரைத்திருந்தது. மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு. வில்ஃப்ரிதோவின் தோளில் வெள்ளை உடுப்பும் மேலே கம்பளிச் சட்டையுமாக மக்ரினா. நசாரியோ வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

செல்சா அவரைத் தாண்டிப் போனாள். வரிசையில் நின்ற ஒவ்வொரு வண்டியிலும் கண்ணாடி வழியாகக் குனிந்து முன்பலகையைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில் மரச் சிலுவை. ஒன்றில் தலையாட்டுகிற நாய். இன்னொன்றில் இரும்புக் கிண்ணம். ஃபிதென்சியோவின் வண்டியில் ஒட்டிய படம் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. அங்கே நின்றாள்.

"இந்த வண்டி."

"தாயே, வாங்க!" என்றான் ஃபிதென்சியோ, நசாரியோவைப் பார்த்துக்கொண்டே.

செல்சா திரும்பி வந்தாள். "நாக்காலியக் கழட்டி அதுல போடுங்க."

"செல்சாம்மா... இதுல பூட்டித்தான் இருக்கு. துவைச்சு வச்சிருக்கேன். நீ ஒரு தடவை ஆட்டிப் பாரேன்..."

"உங்க வண்டியில என் புள்ள ஏறாது."

"அப்புறம் என்னை எதுக்கும்மா கூப்பிட்ட?"

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களைவிட இறுக்கமா இந்த ஊர்ல எவனும் கட்ட மாட்டான்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான்."

நசாரியோ நாற்காலியைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் சீட்டு நான்கு பக்கமும் குழிந்து போயிருந்தது. தூக்கிக்கொண்டு போனார். ஃபிதென்சியோவின் பின்சீட்டில் சிறுத்தைப் புள்ளி போட்ட புது உறை. பெல்ட் எங்கே என்று கேட்கத் தேவையில்லை. நசாரியோ சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"டேய், டேய்! கத்திய உள்ள வைடா! போன வாரம்தான் தைச்சேன்!"

"உறைக்கு நான் தரேன்" என்றான் வில்ஃப்ரிதோ. "அறுக்கச் சொல்லு."

உறை கிழிகிற சத்தம் கேட்டதும் செல்சா கண்ணை மூடித் திறந்தாள். நசாரியோ அடியில் கையை விட்டுப் பூட்டுகளைத் தோண்டி எடுத்தார். நாற்காலியை வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்.

"இன்னும்" என்றாள் செல்சா.

"இறுக்கிட்டேன்மா."

"இன்னும்."

முழு உடம்பையும் முழங்காலில் போட்டு அழுத்தி இழுத்தார். பெல்ட் உள்ளங்கையை அறுத்தது.

"இன்னும்."

"ஏம்மா, வண்டி ரெண்டாப் பொளந்துரும்" என்றான் ஃபிதென்சியோ. ஒருவரும் சிரிக்கவில்லை. அவனே வாயை மூடிக்கொண்டான். நசாரியோ மறுபடி இழுத்தார். செல்சா குனிந்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். வண்டிதான் ஆடியது, நாற்காலி ஆடவில்லை.

நசாரியோ பிள்ளைக்காகக் கையை நீட்டினார். அவரையும் மீறி நீண்டுவிட்டது.

"தொடாத" என்றான் வில்ஃப்ரிதோ. பிள்ளையை அவனே உட்கார வைத்தான். வாரை எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் தடுமாறினான். நசாரியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொன்னார்: "தோளுக்கு மேல... இல்ல, அந்தப் பக்கம்... ஆமா. கிளிக்குன்னு சத்தம் வரணும்." வந்தது.

மக்ரினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இவர் யாரு?"

செல்சா கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டாள். "நாக்காலி கட்டுறவரு."

"நன்றி, நாக்காலிக்காரரே" என்றது பிள்ளை. நல்லபடியாகத்தான் வளர்த்திருந்தார்கள்.

அப்போதுதான் அவருக்குச் சப்பாத்து ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து பொட்டலத்தோடு நீட்டினார். "பாப்பாவுக்கு. கோயிலுக்குப் போட..."

செல்சா பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு சப்பாத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிள்ளையின் காலில் ஏற்கெனவே வெள்ளைச் சப்பாத்து இருந்தது, பெரியது. அவள் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை.

"இது இவ அளவு இல்ல. இது தோபியாஸ் அளவு."

பொட்டலத்தை அவர் கையில் திருப்பி வைத்தாள்.

"நான் பின்னால என் வண்டியில வரட்டுமா? கோயில் வாசல்லயே நின்னுக்கறேன்" என்று கேட்டார்.

"வேணாம்" என்றான் வில்ஃப்ரிதோ. கதவைச் சாத்தினான். ஃபிதென்சியோ வழக்கமில்லாத வழக்கமாக மெதுவாக ஓட்டிப் போனான்.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்கு முன்பே திரும்பி வந்தார்கள். வண்டி பேருந்து வாசலுக்கு நேராகவே போய் நின்றது. நசாரியோ வரிசையிலிருந்து பார்த்தார். பிள்ளை தகப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கையில் மந்திரித்த மெழுகுவர்த்தி. செல்சா இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. உள்ளே போய்விட்டார்கள்.

ஃபிதென்சியோ வந்து நிறுத்தினான். நாற்காலி அவன் வண்டியிலேயே இருந்தது. நசாரியோ கதவருகே போனார்.

"கழட்டாத" என்றான் ஃபிதென்சியோ. "இனிமே இது என் வண்டியிலயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாங்க. வருசா வருசம் மாதாவப் பாக்க வருவாங்களாம். எப்ப வந்தாலும் என் வண்டிதானாம்." சொல்லிவிட்டு இளித்தான். "நாக்காலி உன்னுதுதான். வேணும்னா எடுத்துக்கோ ஆயா. அடுத்த வருசம் அந்தப் புள்ள மடியில உக்காந்து போவட்டும்."

நசாரியோ கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

இப்போது ஃபிதென்சியோவின் முன்கண்ணாடியில், குழந்தைகளுக்குப் பாதுகாப்பான வண்டி என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்குத் தனி வாடகை. பெரிய நகரத்துப் பழக்கம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் பேசாமல் கொடுக்கிறார்கள். ஆண்டவர் அவனுக்கும் பிழைப்பு கொடுக்கத்தானே வேண்டும். நசாரியோவின் வண்டியில் நாற்காலி இல்லை. நேர்ச்சை இருக்கிறது. அதனால் அவர் வண்டியில் குழந்தை எதுவும் ஏறுவதில்லை. இன்னொரு நாற்காலி வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. பிள்ளையோடு யாராவது தன்னிடம் வந்தால் அவரே பின்வண்டிக்குக் கை காட்டிவிடுகிறார்.

ஃபிதென்சியோவுக்கோ மூட்டை ஏற்றுவதற்காக நாற்காலியைக் கழற்றத் தெரியுமே தவிர, மறுபடி கட்டத் தெரியாது. பழகிக்கொள்ளவும் இல்லை.

"ஆயா! ஏ ஆயா! வாய்யா, கிராக்கி காத்துருக்கு!"

நசாரியோ வருகிறார். நாற்காலியை வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இழுக்கிறார். யாரும் சொல்லாமலே இன்னொரு முறை இழுக்கிறார். அதற்குமேலும் ஒரு முறை.

"போதும்யா, இறுக்கமா இருக்கா?"

"இறுக்கம்."

ஒரு கையால் ஆட்டிப் பார்க்கிறார். ஆடுவதில்லை. பிள்ளையைத் தாய் உட்கார வைக்கும்போது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பிறகு அடுத்தவன் வண்டியின் கதவைச் சாத்திவிட்டு, வரிசையில் தன் இடத்துக்குப் போய் நிற்கிறார்.